ஆபரேட்டரா, ஸ்டாஃபா? கம்பெனிச் சம்பளத்தைப் படிக்கக் கற்போம்



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், தவணை, வட்டி என்று எல்லாக் கணக்கும் இன்று நமக்கு அத்துப்படி. குழுப் பதிவேட்டில் பத்து ரூபாய் இடித்தால்கூட யாராவது ஒருவர் எழுந்து கேட்டுவிடுகிறோம். ஆனால் மகளோ மருமகளோ கம்பெனியிலிருந்து கொண்டுவரும் சம்பளச் சீட்டை மட்டும் மடித்து பீரோவில் வைத்துவிடுகிறோம். "பேங்க்ல எவ்வளவு ஏறியிருக்கு?" என்று கேட்பதோடு சரி.

அந்தச் சீட்டை எப்படிப் படிப்பது, கம்பெனியில் ஆட்களை எப்படி வகை பிரிக்கிறார்கள், அந்த வகையால் நம் வீட்டு வரவு எப்படிக் கூடும் அல்லது குறையும் என்பதுதான் இந்த மாதப் பாடம்.

நம் பகுதிக்கு இது ஏன் தேவை?

1971-ல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் போன்ற பெரிய கம்பெனிகள் ஓசூருக்கு வந்தன. பின்னாளில் செல்போன் பாகங்கள் செய்யும் ஆலை கெலமங்கலம் பக்கமும், மின்சார ஸ்கூட்டர் ஆலை போச்சம்பள்ளி பக்கமும் வந்தன. தேன்கனிக்கோட்டை, சூளகிரி, பர்கூர், ஊத்தங்கரை என்று நம் பிள்ளைகள் எல்லாத் திசையிலிருந்தும் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். சிலர் ஜூஜூவாடி தாண்டி கர்நாடகாவில் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா வரை போகிறார்கள்.

அந்தச் சம்பளத்தை நம்பித்தான் நாம் கடன் கேட்கிறோம், நகை மீட்கிறோம், வீடு கட்டுகிறோம். எனவே அந்தச் சம்பளம் எந்த அடிப்படையில் வருகிறது என்று தெரிந்துகொள்வது நமக்கு அவசியம்.

ஒரே கம்பெனி, பல வகை ஆட்கள்

ஒரே கேட்டில் நுழைந்து ஒரே கேன்டீனில் சாப்பிடுபவர்கள் எல்லோரும் ஒரே வகை இல்லை.

1. நிரந்தரத் தொழிலாளி: கம்பெனியே நேரடியாக எடுத்தவர். ஆபரேட்டர், ஃபிட்டர், தரம் பார்ப்பவர் போன்றவர்கள்.

2. ஸ்டாஃப்: சூப்பர்வைசர், எக்ஸிகியூட்டிவ், இன்ஜினியர், மேனேஜர் என்று பதவிப் பெயர் உள்ளவர்கள்.

3. ஒப்பந்தத் தொழிலாளி: கான்ட்ராக்டர் மூலம் வருபவர். சம்பளம் தருவது கான்ட்ராக்டர். அவர் தராமல் ஏமாற்றினால், வேலை வாங்கிய கம்பெனியே தர வேண்டும் என்பது சட்டம்.

4. குறிப்பிட்ட காலத் தொழிலாளி: ஓராண்டு, ஈராண்டு என்று காலம் சொல்லி கம்பெனியே எடுப்பது.

5. அப்ரண்டிஸ்: 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி வேலை பழகுபவர். இவருக்குக் கிடைப்பது சம்பளம் இல்லை, உதவித்தொகை.

மகள் வேலையில் சேர்ந்த அன்றே கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இந்த அஞ்சுல நீ எது?" இதற்குப் பதில் பணி நியமனக் கடிதத்தில் இருக்கும். வேலைக்கு எடுக்கும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்று, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் இருக்கிறது.

கிரேடு, பேண்ட் என்றால் என்ன?

அரசு வேலை விளம்பரத்தை நாம் பார்த்திருப்போம். குரூப் 4 தேர்வு அறிவிப்பில் இளநிலை உதவியாளருக்கு 19,500 - 71,900 என்று போட்டிருப்பார்கள். சேர்ந்த அன்றே 71,900 கிடைக்கும் என்று அர்த்தம் இல்லை. அந்தப் படியில் நுழைபவருக்கு ஆரம்பம் 19,500. ஆண்டுக்கு ஆண்டு ஏறி, அந்தப் படியிலேயே இருந்தால் உச்சம் 71,900. அதற்கு மேல் போக வேண்டுமென்றால் அடுத்த படிக்குப் பதவி உயர்வு வேண்டும்.

கம்பெனியில் கிரேடு, லெவல், பேண்ட் என்று சொல்வதும் இதே மாதிரிதான். ஒவ்வொரு படிக்கும் ஒரு கீழ் எல்லை, ஒரு மேல் எல்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அரசு தன் படிகளை ஊரறிய அச்சிடுகிறது. தனியார் கம்பெனி பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை. அதனால் நாமாகத்தான் கேட்க வேண்டும்: "என் கிரேடு எது? இதோட உச்சம் எவ்வளவு? அடுத்த கிரேடுக்குப் போக என்ன படிப்பு, எத்தனை வருஷ அனுபவம் வேணும்?" மேல் எல்லையைத் தொட்டவருக்கு எவ்வளவு உழைத்தாலும் அந்தப் படியில் பெரிய உயர்வு இருக்காது. இது முன்கூட்டியே தெரிந்தால் டிப்ளமோ படிப்பதா, வேறு பிரிவுக்கு மாறுவதா என்று திட்டமிடலாம்.

ஓ.டி. யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை?

நம் நாட்டில் மணிக்கு இவ்வளவு என்று சம்பளம் பேசுவது குறைவு. நாள் கூலி அல்லது மாதச் சம்பளம்தான். ஆனால் கூடுதல் நேரம் வேலை செய்தால் மணிக்கணக்கு வந்தே ஆக வேண்டும். சட்டம் சொல்லும் நேரத்துக்கு மேல் தொழிலாளி வேலை செய்தால் அந்த நேரத்துக்கு இரண்டு மடங்கு சம்பளம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இது இருந்தது. 2025-ல் நடைமுறைக்கு வந்த தொகுப்புகளிலும் இரட்டிப்பு தொடர்கிறது. தொழிலாளி சம்மதித்தால்தான் ஓ.டி. வாங்கலாம் என்பதும் அதில் இருக்கிறது.

இந்த உரிமை 'தொழிலாளி' என்ற வகைக்குள் வருபவருக்கு. யார் தொழிலாளி?

- உடலுழைப்பு, இயந்திரம் ஓட்டுதல், தொழில்நுட்ப வேலை, எழுத்தர் வேலை செய்பவர்கள். இவர்களுக்குச் சம்பள வரம்பே கிடையாது. எவ்வளவு வாங்கினாலும் தொழிலாளிதான்.
- மேற்பார்வை வேலை செய்பவர், மாத ஊதியம் 18,000 ரூபாய்க்கு மேல் போகாதவரை தொழிலாளி. பழைய சட்டத்தில் 2010 முதல் இந்த வரம்பு 10,000 ரூபாயாக இருந்தது.
- 18,000-க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரும், நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்களும் தொழிலாளி இல்லை.

அமெரிக்காவிலும் இதே போல ஒரு பிரிவினை உண்டு. அங்கே 1938-ல் வந்த சட்டப்படி வாரம் 40 மணிக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு சம்பளம். அதிலிருந்து விலக்கப்பட்டவர்களை 'எக்ஸெம்ப்ட்' என்கிறார்கள். மணிக்கணக்கில் வாங்குபவர்களை 'அவர்லி' என்கிறார்கள். வெளிநாட்டுக் கம்பெனியின் பேப்பரில் இந்த வார்த்தைகள் வந்தால் மிரள வேண்டாம். பேப்பரில் எந்த வார்த்தை இருந்தாலும் ஓசூரில் வேலை செய்பவருக்கு இந்தியச் சட்டம்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு வீட்டில் இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்வோம்.

"அம்மா, என்னை ஸ்டாஃப் ஆக்கிட்டாங்க. இனிமே யூனிஃபார்ம் கலரே வேற."

"சந்தோஷம் கண்ணு. சம்பளம் ஏறுதா?"

"மாசம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் கூட. ஆனா இனி ஓ.டி. கிடையாதாம்."

மகள் ஆபரேட்டராக வாங்கியது மாதம் 15,600 ரூபாய். 26 நாள், தினம் 8 மணி என்றால் மொத்தம் 208 மணி. 15,600-ஐ 208-ஆல் வகுத்தால் மணிக்கு 75 ரூபாய். ஓ.டி.க்கு இரட்டிப்பு, அதாவது மணிக்கு 150. மாதம் 16 மணி ஓ.டி. செய்தால் 2,400 ரூபாய். ஆக மொத்தம் 18,000.

ஸ்டாஃப் ஆன பிறகு சம்பளம் 17,500. அதே 16 மணி கூடுதலாக நிற்கிறாள், ஆனால் அதற்குத் தனிக்காசு இல்லை. பதவி ஏறியது, வரவு 500 ரூபாய் குறைந்தது.

பதவி உயர்வு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஸ்டாஃப் வகையில் மேல் எல்லை உயரமாக இருக்கலாம், அடுத்தடுத்த படிகள் இருக்கலாம். ஓ.டி.யை நிரந்தர வருமானமாக நம்பவும் முடியாது. ஆர்டர் குறைந்தால் ஓ.டி. நின்றுவிடும். ஆனால் இரண்டையும் எழுதிப் பார்த்த பிறகே சரி என்று சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் கணக்கில் மகளின் சம்பளம் 17,500. அது 18,000-ஐத் தாண்டவில்லை. அவள் உண்மையிலேயே பத்துப் பேரை மேற்பார்வை செய்தாலும் சட்டப்படி இன்னும் தொழிலாளிதான். ஓ.டி. உரிமை போகவில்லை.

பெயர் பெரிதா, வேலை பெரிதா?

சம்பளம் 18,000-க்கு மேல் இருந்தால்? அப்போதும் கேள்வி முடிந்துவிடாது. பதவிப் பெயர் சூப்பர்வைசர். ஆனால் நாள் முழுக்க மற்றவர்களோடு சேர்ந்து அதே மெஷினில் நிற்கிறாள். லீவு கொடுக்கும் அதிகாரம் இல்லை, யாருக்கும் வேலை பிரித்துக் கொடுப்பதில்லை. அவள் எந்த வகை?

இதற்கு உச்ச நீதிமன்றம் 1985-ல் சிபா கெய்கி வழக்கில் பதில் சொல்லியிருக்கிறது. அந்தக் கம்பெனியில் ஸ்டெனோவாகவும் கணக்கராகவும் சேர்ந்த ஒருவரை 'அசிஸ்டன்ட்' பதவிக்கு உயர்த்தினார்கள். பிறகு வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் வழக்குப் போட்டபோது, அவர் தொழிலாளி வகையில் வரமாட்டார் என்றது கம்பெனி. ஒருவர் செய்யும் வேலையில் எது முக்கியமானது, எது அடிப்படையானது என்று பார்த்துத்தான் வகையை முடிவு செய்ய வேண்டும் என்றது நீதிமன்றம். கூடவே ஒட்டிக்கொண்டு வரும் சில மேற்பார்வை வேலைகளால் அவருடைய வகை மாறாது. அவர் தொழிலாளிதான் என்று தீர்ப்பானது.

இந்தப் பாடத்தில் நாம் மனதில் நிறுத்த வேண்டியது இதுதான்: சட்டையின் கலரும் அட்டையில் உள்ள பெயரும் வகையை முடிவு செய்வதில்லை. கை செய்யும் வேலைதான் முடிவு செய்கிறது.

அப்ரண்டிஸ் பிள்ளைகள் விஷயம்

பிளஸ் டூ, ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த பிள்ளைகளை அப்ரண்டிஸ் ஆக எடுப்பது நம் பகுதியில் சகஜம். அது நல்ல வாய்ப்புதான். ஆனால் சட்டப்படி அப்ரண்டிஸ் தொழிலாளி இல்லை. தொழிலாளிக்கான பி.எஃப்., இ.எஸ்.ஐ. அவருக்கு இல்லை. அதற்குப் பதிலாகச் சட்டம் ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறது: பயிற்சி ஆலோசகர் என்ற அரசு அதிகாரியின் அனுமதி இல்லாமல் அப்ரண்டிஸை ஓ.டி. செய்யச் சொல்லக் கூடாது. வேலையில் காயம் பட்டால் இழப்பீடு உண்டு.

அப்ரண்டிஸ் என்றால் முறைப்படி ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும். வெறுமனே 'டிரெய்னி' என்று அட்டை மாட்டிவிட்டு, முழு வேலையும் வாங்கினால் அது வேறு கதை. ஒப்பந்தத்தின் நகல் எங்கே என்று கேளுங்கள்.

நம் மாநிலத்தில் 1981-ல் வந்த ஒரு சட்டம், 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரம் ஆக்க வேண்டும் என்கிறது. எனவே வேலை செய்த நாட்களை ஒரு டைரியில் குறித்து வைப்பது நல்லது. நாள் கணக்கு கையில் இருந்தால்தான் கேட்க முடியும்.

சம்பளச் சீட்டைப் பிரித்துப் படிப்போம்

வேலை விளம்பரத்தில் 'சி.டி.சி.' என்று ஒரு தொகை இருக்கும். அது கைக்கு வரும் பணம் இல்லை. ஒரு ஆளுக்காகக் கம்பெனி செலவிடும் மொத்தம் அது. மேலே பார்த்த 15,600 சம்பளத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000, மற்ற படிகள் 3,600 என்று வைப்போம்.

கம்பெனி தன் பங்காகச் செலுத்துவது:
- பி.எஃப். 12 சதவீதம்: 1,440
- இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம்: 507
- பணிக்கொடைக்காக ஒதுக்குவது 4.81 சதவீதம்: 577
15,600-உடன் இவற்றைக் கூட்டினால் சி.டி.சி. 18,124.

மகளிடம் பிடிப்பது:
- பி.எஃப். 12 சதவீதம்: 1,440
- இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம்: 117
கைக்கு வருவது 14,043.

18,124 என்று சொன்னார்களே, 14,043 தானே வருது என்று சண்டை வருவது இதனால்தான். இடையில் உள்ள பணத்தில் பெரும்பகுதி காணாமல் போகவில்லை, பெயர் மாறி வேறு இடத்தில் இருக்கிறது. அது உண்மையிலேயே அங்கே போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதுதான் நம் வேலை. பி.எஃப்.க்கு 12 இலக்க யு.ஏ.என். நம்பர் உண்டு. வேலை மாறினாலும் அந்த நம்பர் மாறாது. செல்போனிலேயே பாஸ்புக் பார்க்கலாம். கல்யாணம் ஆகி வேலையை விட்ட பெண்கள் அந்த நம்பரைத் தொலைத்துவிடக் கூடாது. பத்திரமாக எழுதி வையுங்கள்.

இதோடு பஸ், கேன்டீன், ஹாஸ்டல், தொழில் வரி என்று வேறு பிடித்தங்களும் இருக்கலாம். ஒவ்வொரு வரிக்கும் காரணம் கேட்கலாம். சம்பளச் சீட்டு தருவது முதலாளியின் கடமை. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வர வேண்டும்.

பதவி உயர்வின்போது இ.எஸ்.ஐ. கணக்கும் பார்க்க வேண்டும். 2017 ஜனவரியில் இதற்கு 21,000 ரூபாய் வரம்பு வைத்தார்கள். அதைத் தாண்டினால், நடப்பு ஆறு மாதச் சந்தா காலம் முடிந்ததும் இ.எஸ்.ஐ. நின்றுவிடும். குடும்பத்துக்கு மருத்துவம், பிரசவத்துக்கு 26 வாரச் சம்பளம் எல்லாம் அதில்தான் வருகிறது. வரம்பைத் தாண்டியவருக்குப் பிரசவ விடுப்புச் சம்பளத்தைக் கம்பெனியே தர வேண்டும். குடும்ப மருத்துவத்துக்குக் கம்பெனி காப்பீடு எடுத்திருக்கிறதா, அம்மா அப்பாவும் அதில் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லை தாண்டி வேலைக்குப் போனால்?

வீடு ஓசூரில், வேலை அத்திப்பள்ளியில் என்றால் எந்த மாநிலத்துக் கூலி? வேலை நடக்கும் இடம் எதுவோ, அந்த மாநிலம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிதான். தமிழ்நாட்டுப் பட்டியல் வேறு, கர்நாடகப் பட்டியல் வேறு. இரண்டிலும் பஞ்சப்படி ஏப்ரல் 1 முதல் மாறுவது வழக்கம். அதனால் ஏப்ரல் மாதச் சீட்டையும் மார்ச் மாதச் சீட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. நம்பர்கள் எல்லை தாண்டினாலும் அதேதான்.

சந்தேகம் வந்தால் யாரிடம் போவது?

முதலில் கம்பெனியின் ஹெச்.ஆர். பிரிவில் எழுத்து மூலம் கேளுங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் கிருஷ்ணகிரியில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். வேலை கர்நாடகாவில் என்றால் அந்த மாநிலத் தொழிலாளர் துறையில் கொடுக்க வேண்டும். சம்பள பாக்கி கேட்க மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. வக்கீல் வைக்க வசதி இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

தனியாக ஒரு பெண் போய்க் கேட்டால் பயம் வரும். நாலு பேர் சேர்ந்து கேட்டால் பயம் குறையும். வங்கி வாசலில் நாம் கற்றுக்கொண்டது அதுதானே!

இந்த மாதக் குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியவை

1. கம்பெனி வேலைக்குப் போகும் பிள்ளைகள் உள்ள உறுப்பினர்கள் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளைக் கொண்டுவாருங்கள். தொகையைச் சபையில் சொல்ல விருப்பம் இல்லாவிட்டால் மறைத்துவிட்டு, தலைப்புகளை மட்டும் படிக்கலாம்.

2. ஊக்குநர் அக்கா ஒரு சீட்டைக் கரும்பலகையில் எழுதி, வரவு எது, பிடித்தம் எது என்று எல்லோரையும் சொல்ல வைக்கட்டும்.

3. ஓ.டி. செய்த நாள், நேரம் குறிக்க ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறு நோட்டு வாங்கிக் கொடுங்கள்.

4. கீழே உள்ள கேள்விகளைப் பேசுங்கள்:
- ஸ்டாஃப் ஆக்கினால் ஓ.டி. போகும் என்றால், மாதச் சம்பளம் எவ்வளவு கூடினால் நஷ்டம் இல்லை?
- நம் ஊர்ப் பிள்ளைகளில் பதவிப் பெயர் ஒன்று, செய்யும் வேலை வேறொன்று என்று யாராவது இருக்கிறார்களா?
- ஓ.டி. பணத்தை நம்பிக் கடன் தவணை வைப்பது சரியா?

கூட்டத்தில் பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, நகலைக் கூட்டமைப்புக்கு அனுப்புங்கள். நீங்கள் கேட்கும் சந்தேகங்களில் பலருக்கும் பொதுவானவற்றுக்கு வரும் இதழில் பதில் எழுதுகிறோம். அதற்குள் பீரோவில் மடித்து வைத்த சீட்டுகளை வெளியே எடுத்துவிடுங்கள், சகோதரிகளே!